பெயரும் பண்டமும்

தம் பெயரையும் தம் முகத்தையும் தாங்கி நிற்கும் கடைகளில் ஊற்றப்படும் கிரேவியைப் பற்றி முதியவர் ஒருவர் செய்தியாளரிடம் பேசுகிறார். குழாய்த் தண்ணீரில் மாவையும் ஸ்டார்ச்சையும் கரைத்துக் காய்ச்சுகிறார்கள். சுவரில் காகிதம் ஒட்டும் பசைக்குத்தான் அது ஆகும் என்கிறார். மொறுமொறுப்பான புதுவகைக் கோழியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அது கோழியின்மேல் ஒட்டிய மாவுருண்டையே அன்றி வேறில்லை என்கிறார். செய்தித்தாள் இதனை வெளியிட்டது. பௌலிங் கிரீன் என்னும் ஊரில் அப்பெயரில் கடை நடத்திய நிறுவனம் இதனை அவதூறு என்று கொண்டு அவர்மீது வழக்குத் தொடுத்தது. அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் எழுந்த இவ்வழக்கு 1978ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முதியவரின் பெயர் ஹார்லண்ட் சாண்டர்ஸ். வெள்ளை உடையும் குறுந்தாடியுமாக இன்று சென்னையிலும் கோலாலம்பூரிலும் பெயர்ப்பலகைகளில் புன்னகைத்து நிற்பவர் அவரே.

நீதிமன்றம் சாண்டர்ஸின் பக்கமே தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த அந்த ஒரு கடையைச் சுட்டி அவர் பேசவில்லை, பொதுவாகவே பேசினார் என்பது தீர்ப்பின் சாரம். கிரேவி நல்லதா கெட்டதா என்பதை நீதிபதிகள் சுவைத்துப் பார்க்கவில்லை; அது அவர்களுடைய வேலையும் அன்று. ஆனால் சட்டம் தொடாமல் விட்ட கேள்வி ஒன்று அங்கே எஞ்சி நிற்கிறது. பண்டம் மாறிய பின்னும் பெயர் மாறாது நின்றால் அது பொய்யா? பொய் எனில், அதனைச் சொன்னவர் யார்? துரித உணவுக் கடைகளின் வரலாற்றை இக்கேள்வியோடு புரட்டிப் பார்ப்பது பயனுடையது என்று நாம் கருதுகிறோம். அவை நாள்தோறும் கோடிக்கணக்கானோருக்கு உணவளிக்கின்றன; அவற்றின் பண்டங்களோ ஓசையின்றி மாறிக்கொண்டே வந்திருக்கின்றன.

சாண்டர்ஸ் 1890ஆம் ஆண்டில் பிறந்தவர். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிய 1930ஆம் ஆண்டில், கெண்டக்கியின் கார்பின் என்னும் சிற்றூரில் பெட்ரோல் நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். வழிப்போக்கர்களுக்குத் தம் சொந்த உணவு மேசையிலேயே சோறிட்டார் என்று நம் வழக்கில் சொல்லலாம். அங்கே அது கோழியும் ரொட்டியும் கிரேவியும். கர்னல் என்பது அவர் படையில் பெற்ற பதவி அன்று. 1935இல் மாநில ஆளுநர் சிறப்புச் செய்து வழங்கிய பட்டம். இருப்புச் சட்டியில் கோழி பொரிய அரை மணி நேரம் ஆயிற்று. வந்தவர் காத்திருக்க மாட்டார். 1939இல் சந்தைக்குப் புதிதாக வந்த பிரஷர் குக்கரை வாங்கி, அதில் எண்ணெய் ஊற்றிக் கோழியைப் பொரிக்கும் முறையைக் கண்டார். பதினொரு மசாலாப் பொருள்களின் கலவையும் அடுத்த ஆண்டில் முடிவாயிற்று. பின்னர், ஊரை விலக்கிச் செல்லும் புதிய நெடுஞ்சாலை வரப்போவது தெரிந்ததும் அவருடைய கடை மதிப்பிழந்தது. 1956இல் நட்டத்திற்கு அதனை விற்றுவிட்டு, மாதம் 105 டாலர் முதியோர் உதவித்தொகையோடு நின்றார். அந்த வயதில் குக்கரையும் மசாலாப் பொட்டலத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, உணவு விடுதிகளில் சமைத்துக் காட்டினார். பிடித்திருந்தால் கோழி ஒன்றுக்குச் சில சென்ட் தமக்குத் தரவேண்டும் என்பதே ஒப்பந்தம்.

கைப்பக்குவம் என்று நாம் ஒரு சொல் வைத்திருக்கிறோம். பண்டாரி மாறினால் பிரியாணி மாறும் என்பதை நம் கல்யாண வீடுகள் அறியும். அதனால்தான் இன்ன பண்டாரி வருகிறார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறோம். சாண்டர்ஸ் விற்கப் புறப்பட்டது இந்தக் கைப்பக்குவத்தைத்தான். கையை விற்க முடியாது ஆகையால் குக்கரையும் பொட்டலத்தையும் விற்றார். 1964இல் அதனையும் கடந்தார். அறுநூறுக்கு மேற்பட்ட கடைகளில் வழங்கிய தம் தொழிலை இருபது இலட்சம் டாலருக்கு இருவரிடம் கொடுத்துவிட்டு, சம்பளம் பெறும் விளம்பரத் தூதராக அமர்ந்தார். 1971இல் அத்தொழில் ஹூப்ளைன் என்னும் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஓட்கா விற்றுப் பொருளீட்டிய நிறுவனம் அது. கிரேவி எளிமையாக்கப்பட்டது. பொரித்த சட்டியின் அடியில் தங்கும் துகள்களைக் கொண்டு பதம் பார்த்துக் காய்ச்சுவது, அன்றாடக் கூலிக்கு வரும் இளைஞரால் ஆயிரம் ஊர்களில் ஒரேவிதமாகச் செய்யக்கூடிய வேலை அன்று. நிறுவனத்தின் கணக்கில் இது நியாயமே. முதியவரோ முன்னறிவிப்பின்றிக் கடைகளுக்குள் நுழைந்து, சுவை பிடிக்கவில்லையெனில் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போவார் என்று சொல்வார்கள்.

இங்கே நாம் எளிதாக அவர் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. விற்றவர் விற்ற பண்டத்தைப் பழிக்கலாமா? வீட்டை விற்றுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டவர், புதிய உடையவர் சுவரை இடிக்கிறார் என்று தெருவில் நின்று புலம்பினால் நாம் அவரை மதிப்பதில்லை. இருபது இலட்சத்தைப் பெற்றபோது எதை விற்றதாக அவர் எண்ணினார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதன் பின்னரும் ஆண்டுதோறும் அந்நிறுவனத்தின் ஊதியத்தை அவர் மறுக்கவில்லை. வாங்கியவர்களும் ஏமாற்றிப் பெறவில்லை.

எனினும் வீடு வேறு, முகம் வேறு. வீட்டை வாங்கியவர் அதில் தாமே குடியிருக்கிறார். முகத்தை வாங்கியவரோ அதனைச் சாட்சியாக நிறுத்துகிறார். பெட்டியின்மீது அச்சிட்ட முகம், உள்ளே இருப்பதை இம்மனிதர் சுவைத்தார், இதுவே அவர் சமைத்தது என்று வாங்குபவரிடம் வாய்திறவாமல் சொல்கிறது. சாட்சி உயிரோடு இருக்கையில், நான் இதற்குச் சாட்சி அல்லேன் என்று அவரே சொன்னால் அதனை அவதூறு என்பது எப்படிப் பொருந்தும்? தம் பெயரால் சொல்லப்படும் செய்தியை அவர் திருத்தினார். பெயரை விற்கலாம், முகத்தை விற்கலாம், செய்முறையையும் விற்கலாம். எது மெய் என்று சொல்லும் நாவை அவற்றோடு சேர்த்து எழுதிக் கொடுக்க முடியுமா என்பதுதான் நம் ஐயம். முடியாது என்பதே நம் கருத்து. எந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தாலும் முடியாது.

பெயரை விற்றவர் வேறு சிலரும் உளர். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் ரிச்சர்ட், மாரிஸ் என்னும் மெக்டொனால்ட் சகோதரர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தம் உணவகத்தை 1948இல் சில மாதங்கள் மூடினர். பரிமாறும் பெண்களை நிறுத்தினர். பண்டங்களை ஒன்பதாகச் சுருக்கினர். ஹாம்பர்கரை 15 சென்ட்டுக்கு விற்றனர். புதிய கடைக்கு அடுக்களை அமைக்கும்போது டென்னிஸ் மைதானத்தில் சுண்ணக்கட்டியால் வரைந்து, யார் எங்கே நின்றால் கை கால் இடறாது என்று நடக்கவிட்டுப் பார்த்தார்கள். சமையலறையை இயந்திரச் சாலையாக நினைத்த முதல் மனிதர்களுள் இவர்கள் அடங்குவர். மில்க் ஷேக் கலக்கும் இயந்திரம் விற்க வந்த ரே கிராக் 1954இல் இதனைக் கண்டார். 1955இல் சிகாகோவை அடுத்த டெஸ் பிளெயின்ஸில் தம் முதற்கடையைத் திறந்தார். 1961இல் 27 இலட்சம் டாலர் கொடுத்து அனைத்தையும் வாங்கினார். சகோதரர்களிடம் எஞ்சிய பழைய கடைக்குத் தம் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கே இல்லாமற் போயிற்று. பெயரை மாற்றினார்கள். அருகிலேயே கிராக் ஒரு மெக்டொனால்ட்ஸைத் திறந்தார். பழைய கடை மூடப்பட்டது.

ஆனால் இக்கடைக்கும் சாண்டர்ஸின் கடைக்கும் அடிப்படையில் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே சுவைக்கு உடையவர் ஒருவர் இருந்தார். இங்கே சுவைக்கு உடையவர் எவரும் இலர். முறை ஒன்றே இருந்தது. அந்த முறையின் கர்த்தாக்களுக்கும் தங்கள் சுவை எங்கிருந்து வருகிறது என்பது முழுமையாகத் தெரியாது. டெஸ் பிளெயின்ஸில் கிராக் அதே கிழங்கை அதே அளவில் அரிந்து பொரித்தார். வறுவல் கொழகொழத்துப் போயிற்று. காரணம் தேடியலைந்தபோது விளங்கியது: சகோதரர்கள் கிழங்கைக் கம்பிவலைத் தொட்டிகளில் வெளியே வைத்திருந்தார்கள். பாலைக்காற்று அதனை உலர்த்திப் பதப்படுத்தியது. கிராக்கின் நிலவறையில் காற்று இல்லை. மின்விசிறி வைத்தபின் வறுவல் சரியாயிற்று. ஒரு சுவையின் மூலப்பொருள் காற்றாக இருந்தது! இச்செய்தியைத் தம் வாழ்க்கை வரலாற்றில் கிராக்கே எழுதியிருக்கிறார். 1960களின் பிற்பகுதியில் தொழிற்சாலையில் அரிந்து உறையவைத்த கிழங்கு வரத் தொடங்கியதும் காற்றின் வேலையும் விசிறியின் வேலையும் முடிந்தன. பெயர் மாறவில்லை.

வறுவலைப் பொரித்த கொழுப்பின் கதை இன்னும் நீண்டது. பெரும்பகுதி மாட்டுக் கொழுப்பும் சிறுபகுதி தாவர எண்ணெயும் கலந்த கலவை அது. ஒரு ஹாம்பர்கர், ஒரு வறுவல், ஒரு மில்க் ஷேக் ஆகிய மூன்றும் சேர்ந்து அக்காலத்தில் 47 சென்ட் ஆயிற்று. அந்தத் தொகையே கலவைக்குப் பெயராயிற்று என்பர். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில் கட்டடப் பொருள் செய்து விற்ற பில் சொக்கலாஃப் என்பவருக்கு 1966இல், 43ஆம் வயதில், மாரடைப்பு வந்தது. பிழைத்தெழுந்த அவர் பின்னாளில் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வெளியிட்டு, கொழுப்பைக் கைவிடுமாறு கடைகளை நெருக்கினார். 1990ஆம் ஆண்டு ஜூலையில் மெக்டொனால்ட்ஸ் பணிந்தது. இனி வறுவலுக்குத் தாவர எண்ணெய் என்று அறிவித்தது. போட்டிக் கடைகளான பர்கர் கிங்கும் வெண்டீஸும் அதே காலத்தில் அவ்வழியே சென்றன. தனிமனிதர் ஒருவர் தம் கைப்பொருளால் இத்தனை பெரிய அடுப்புகளின் எண்ணெயை மாற்றினார் என்பது எளிய காரியமன்று.

அந்தத் தாவர எண்ணெய் எது? நம் வீடுகளில் வனஸ்பதி என்று அறியப்பட்ட பொருளின் உறவு அது; ஹைட்ரஜன் ஏற்றித் திடப்படுத்திய எண்ணெய். இதயத்துக்கு மாட்டுக் கொழுப்பைவிட அதில் உள்ள டிரான்ஸ் கொழுப்பே கொடியது என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. 2002இல் அதனைக் குறைப்பதாக மெக்டொனால்ட்ஸ் அறிவித்தது. காரியம் தாமதப்பட்டது, தாமதத்தை உரியவாறு மக்களுக்குச் சொல்லவில்லை என்று வழக்கு வந்தது, 2005இல் 85 இலட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். 2008இல்தான் அமெரிக்கக் கடைகளில் மாற்றம் முழுமையாயிற்று. நல்லெண்ணத்தோடு செய்த மாற்றம் தீங்காய் முடிந்ததற்கு நாம் எவரையும் குற்றம் சொல்லோம். அன்றைய அறிவு அவ்வளவே. பழியில்லாத தவறு ஒன்று உலகில் உண்டு.

பழிக்குரியது வேறிடத்தில் இருந்தது. 1990இல் மாட்டுக் கொழுப்பு போயிற்று. மாட்டின் சுவை போகவில்லை. தொழிற்சாலையில் கிழங்கை முதன்முறை பொரிக்கும்போது மாட்டிறைச்சியிலிருந்து பெற்ற சுவையூட்டி சிறிதளவு சேர்க்கப்பட்டது. பட்டியலில் அதற்கு இயற்கைச் சுவை என்று பெயர். முழுவதும் தாவர எண்ணெய் என்ற அறிவிப்பைப் படித்தவர், இது தாவர உணவு என்றே கொண்டார். புலால் மறுத்த இந்துக்களும் சமணரும் அதனை நம்பி உண்டார்கள். முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் இறைச்சியை விலக்கி, இந்த வறுவலாவது நமக்கு ஆகும் என்று நம்பிய முஸ்லிம் குடும்பங்களும் அந்நாட்டில் இருந்திருக்கும் அன்றோ? 2001ஆம் ஆண்டு மே மாதம் சியாட்டில் நகரில் இந்திய வம்சாவளி வழக்கறிஞர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். செய்தி பம்பாய்க்கு எட்டியதும் கடைகள் தாக்கப்பட்டன. இந்தியாவில் விற்கும் வறுவலில் அது இல்லை என்று நிறுவனம் தெரிவித்தது. 2002இல் மெக்டொனால்ட்ஸ் மன்னிப்புக் கோரி, மரக்கறி உணவு அமைப்புகளுக்கும் சமய அமைப்புகளுக்கும் ஒரு கோடி டாலர் வழங்க இசைந்தது.

இயற்கைச் சுவை என்பது பொய்ச்சொல்லா? இல்லை. மாடும் இயற்கையே. அந்நாட்டு விதிகளும் அப்படி எழுதுவதை அனுமதித்தன. சொல் ஒவ்வொன்றும் மெய். ஆயினும் கேட்டவர் மனத்தில் விளைந்தது பொய். நாம் முன்னர்க் கண்ட சாட்சியை இங்கே நினைவுகொள்ள வேண்டும். சாண்டர்ஸின் கடையில், இது அதுவன்று என்று சொல்ல ஒரு மனிதர் இருந்தார். மெக்டொனால்ட்ஸின் வறுவலுக்கு அப்படி ஒருவர் இல்லை. அடுக்களையில் நிற்கும் இளைஞருக்கே தாம் பொரிப்பதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. மனிதச் சாட்சி இல்லாதவிடத்தில் பட்டியல் ஒன்றே சாட்சி. அச்சாட்சியும் நாவைச் சுருட்டிக்கொண்டால், உண்பவர் வேறு யாரிடம் போய்க் கேட்பார்? மாற்றியது குற்றமன்று, வாயில்லாத பொருளுக்கு வாயாக நிற்கவேண்டிய ஒரே சொல்லை மழுப்பியது குற்றம்.

வணிகரின் அச்சமும் நமக்குப் புரியாததன்று. 1985 ஏப்ரலில் கொக்கோ கோலா நிறுவனம் தன் பானத்தின் கலவையை மாற்றிவிட்டதாகத் தானே பறைசாற்றியது. மக்கள் கொதித்தெழுந்தார்கள்; மூன்று மாதம் நிறைவதற்குள் பழைய பானம் திரும்பி வந்தது. இதிலிருந்து வணிக உலகம் கற்ற பாடம் எதுவாக இருந்திருக்கும்? மாற்றாதே என்பதா, சொல்லாதே என்பதா?

சொல்லியவரும் உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் 1960இல் தோன்றிய டோமினோஸ் பீட்சா நிறுவனம், 2009ஆம் ஆண்டின் இறுதியில், தன் பண்டம் அட்டையைப்போல் இருக்கிறது என்று வாடிக்கையாளர் ஏசியதையெல்லாம் தன் விளம்பரத்திலேயே காட்டியது. ஆம், நன்றாக இல்லை, மாவையும் சாற்றையும் பாலாடைக்கட்டியையும் புதிதாகச் செய்திருக்கிறோம் என்றது. 2010இன் முதற்காலாண்டில் அமெரிக்கக் கடைகளின் விற்பனை முந்திய ஆண்டைவிட 14.3 விழுக்காடு உயர்ந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்வதையும் இவர்கள் விற்பனைச் சரக்காக்கிவிட்டார்கள் என்று எள்ளுவோர் உண்டு. எள்ளலாம். விற்பனை சரிந்திருக்காவிடில் இந்த உண்மை வெளிவந்திருக்குமா என்ற ஐயம் நமக்கும் உண்டு. ஆயினும் இலாபத்துக்காகச் சொன்ன உண்மையும் உண்மையே. உண்பவர் அறிந்து உண்டார்.

மாறாமலே இருக்க வழியில்லையா எனில், உண்டு. அதற்கு விலையும் உண்டு. மெக்டொனால்ட் சகோதரர்கள் கடையைத் திருத்தியமைத்த அதே 1948இல், அதே கலிபோர்னியாவில், பால்ட்வின் பார்க் என்னுமிடத்தில் ஸ்னைடர் தம்பதியர் இன்-என்-அவுட் கடையைத் திறந்தனர். இன்றும் அது குடும்பச் சொத்து. கடைகளில் உறைபெட்டி இல்லை. கிழங்கைக் கடையிலேயே அரிகிறார்கள். பிறருக்குக் கிளை உரிமை விற்பதில்லை. கடைகள் நானூற்றுச் சொச்சம். மெக்டொனால்ட்ஸோ நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இருக்க விரும்பிய கடை, காலந்தோறும் வேறுபட நேர்ந்தது. காற்றையும் பண்டாரியையும் நம்பியிருக்கும் சுவை நாற்பதாயிரம் ஊருக்குப் போகாது.

உண்பவராகிய நம்மையும் சற்று விசாரித்துக்கொள்ளலாம். இளமையில் நாம் விரும்பி உண்ட கறிக்கடை ஒன்றுக்கு முப்பது ஆண்டு கழித்துப் போயிருந்தோம். பழைய ருசி இல்லை என்று முகம் சுளித்தோம். கல்லாவில் இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே உள்ளே அழைத்துப் போனார். அடுப்பில் அதே ஆள், அம்மியும் போகவில்லை. மாறியது நம் நாக்கு, அல்லது நம் பசி. ஆகவே, பழைய சுவை இல்லை என்று உண்பவர் சொல்லும் சாட்சியையும் அப்படியே ஏற்பதற்கில்லை. நினைவு தனக்கு வேண்டிய உப்பைத் தானே போட்டுக்கொள்ளும். இக்காரணத்தாலும் விற்பவரின் சொல் தெளிவாக இருக்க வேண்டியிருக்கிறது; மாறியது பண்டமா நாமா என்று அறிய வேறு துணை நமக்கு இல்லை.

2025ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டேக் அண்ட் ஷேக் என்னும் பழைய கடை, தன் வறுவலை மீண்டும் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதாகப் பெருமையோடு விளம்பரம் செய்தது. சொக்கலாஃப் 2004இலேயே காலமாகிவிட்டார். மருத்துவர்களிடையே இதுபற்றி வாதம் நடக்கிறது. அதனுள் நாம் நுழையவில்லை. மாட்டுக் கொழுப்பு என்று எழுதி விற்கிறார்கள். வேண்டாதவர் விலகிச் செல்லலாம்.

சாண்டர்ஸ் 1980 டிசம்பரில் மறைந்தார். அவருடைய உடல் மாநிலத் தலைமை மன்றத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, வெள்ளை உடையுடனே அடக்கம் செய்யப்பட்டது. கார்பினில் அவருடைய பழைய கடையைப் புதுப்பித்துக் காட்சிச்சாலை ஆக்கியிருக்கிறார்கள். அவர் சமைத்த அடுக்களையை அக்காலத்தில் இருந்தவாறே ஒழுங்குசெய்து வைத்திருக்கிறார்கள். பார்க்க வருபவர்கள் அதனை எட்டிப் பார்த்துவிட்டு, அதே கட்டடத்தில் இன்றைய நிறுவனம் விற்கும் கோழியை, அவர் முகம் அச்சிட்ட பெட்டியில் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து உண்கிறார்கள். கேட்டால் கிரேவியும் தருவார்கள்.